பெட்டியில் ஒட்டிய பெயர்

கலெக்சிகோவில் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தபால் பெட்டியை வேண்டுமானாலும் பாருங்கள், குறைந்தது மூன்று பெயராவது ஒட்டியிருக்கும். வீட்டுக்காரர் பெயர் ஒன்று. மற்றதெல்லாம் எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு மெஹிகாலியில் குடியிருக்கும் சொந்தக்காரர்களின் பெயர். வங்கியும் கல்லூரியும் இந்தப் பக்கத்து முகவரி கேட்கும். அதற்கென்ன, எங்கள் முகவரி இருக்கிறதே, ஒட்டிக்கொள் என்போம். தபால்காரர் ஒன்றும் கேட்க மாட்டார். அவர் வீட்டுப் பெட்டியிலேயே அவருடைய மைத்துனி பெயர் இருக்கிறது.

என் பெட்டியில் நான்கு பெயர். நெரெய்தா என்கிற என் பெயர், என் கணவன் ஃபௌஸ்தோவின் பெயர், செத்து ஆறு வருடமாகியும் விளம்பரக் கடிதம் நிற்காத என் மாமனாரின் பெயர், கடைசியாக ஒதிலியா. ஒதிலியா என் சித்தி மகள், என்னைவிட மூன்று வயது சின்னவள். தன் பெயரை அவளே எழுதி, மழை படாமல் மேலே டேப் ஒட்டியிருந்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பெட்டியில் கல்லூரியின் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என்னுடையது மெலிசு, அவளுடையது தடிமன். பிரிக்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நர்சிங் வகுப்பில் இடம் கிடைக்காதவளுக்கு ஒரு தாள் போதும். கிடைத்தவளுக்குத்தான் சீருடை அளவு, தடுப்பூசிப் பட்டியல், பதில் அட்டை என்று ஏழெட்டுத் தாள் வைப்பார்கள்.

இருந்தாலும் பிரித்தேன். என்னுடையதைக் கிழித்தேன். அவளுடையதைக் காப்பிப் பாத்திரத்து ஆவியில் காட்டித் திறந்தேன். ஆமாம், அடுத்தவள் கடிதத்தைத் திறந்தேன். சொல்ல வந்த பிறகு எதை மறைப்பது?

இருபத்து நான்கு இடங்களில் ஒன்று ஒதிலியாவுக்கு. எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். அவள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் அட்டையில் கையெழுத்துப் போட்டுச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இடம் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும் என்று போட்டிருந்தது. பட்டியலில் முதலில் இருந்தது நான்தான்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். பிறகு உறையைத் திரும்ப ஒட்டி, ஓவனைத் திறந்து, பெரிய வாணலிக்கு அடியில் வைத்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் ஓவனில் யாரும் எதையும் வேகவைப்பதில்லை. பாத்திரம் அடுக்கத்தான் அது.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவளைக் கையைப் பிடித்துக் கல்லூரிக்கு அழைத்துப் போனதே நான்தான். வெங்காய வயலுக்கும் மாட்டுக் கொட்டடிக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கல்லூரி. காற்று மாறினால் வகுப்பறை முழுக்கச் சாண நாற்றம். நான் பதினாறு வருடம் வயலில் லெட்டூஸ் கீரை வெட்டிப் பேக்கிங் செய்தவள். ஒரு குளிர்காலத்தில் முதுகு மடங்க மாட்டேன் என்றது. அன்றைக்குத்தான் விண்ணப்பம் வாங்கி வந்தேன். தனியாகப் போக வெட்கமாக இருந்ததால் ஒதிலியாவையும் இழுத்துக்கொண்டு போனேன். துணைக்குக் கூட்டிப் போனவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் மெஹிகாலியில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள். ஸ்பானிஷ் சுத்தம். ஆங்கிலத்தை இந்தக் கல்லூரியின் மாலை வகுப்பில் செங்கல் செங்கலாக அடுக்கிக் கற்றாள். நான் இந்தப் பக்கம் பிறந்தவள், இரண்டு பாஷையும் வாயில் வரும், ஆனால் இரண்டும் பாதிதான். எலும்புகளின் பெயரை நான் மனப்பாடம் செய்து மூச்சு வாங்குவேன். அவளுக்கோ அது பாட்டி பெயர் மாதிரி சரளமாக வரும். எனக்கு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறான், கார் இருக்கிறது. அவள் தினமும் விடியுமுன் எல்லை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று நடந்து வருகிறவள். அவளிடம் போய்த் தோற்கிறேனே என்பதுதான் என்னை அரித்தது.

லெட்டூஸ் பேக்கிங் செய்த காலத்தில் நாங்கள் யாரும் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே கத்தி, ஒரே முதுகுவலி. கல்லூரி வந்து எங்களுக்கு வரிசை எண் கொடுத்தது. வேலிக்கு இரண்டு பக்கத்துப் பெண்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது. பெரிய காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால்தானே அடுத்தவள் தாளில் என்ன மார்க் என்று கண் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினொரு வயதில் என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. நான்தான் சொன்னேன். பாதி எனக்கே புரியவில்லை, மீதியை நானாகக் கட்டிவிட்டேன். என்ன எடுக்கப் போகிறார்கள் என்று தெரியாமலே அம்மா உள்ளே போனாள். அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பில் நான் நிற்க வேண்டும் என்பது அன்றைக்கே முடிவானது. ஒதிலியாவுக்கு அது ஒரு படிப்பு. எனக்கு அப்படி இல்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வந்தாள். வரிசையில் நின்று வந்த பழைய செருப்பை வாசலில் விட்டாள், குளியலறையில் முகம் கழுவினாள், கழுவுதொட்டிக்கு அடியில் நான் அவளுக்கென்று விட்ட இடத்திலிருந்து வெள்ளை ஷூவை எடுத்து மாட்டினாள். மேஜையில் காகிதப் பை. உள்ளே மேலே சர்க்கரைக் கோடு போட்ட ரொட்டி, இன்னும் சூடாக. அதை நாங்கள் கொன்ச்சா என்போம். ஒரு நாள்கூட வெறும் கையோடு வந்ததில்லை அவள்.

"அக்கா, நேத்து நிறைய பேருக்கு லெட்டர் வந்துடுச்சாமே. நமக்கு?"

"ஒண்ணும் வரல."

"ரெண்டு பேருக்குமேவா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? என் வாய்ல என்ன பூட்டா தொங்குது?"

சிரித்தாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். ஃபௌஸ்தோ பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் நர்ஸ் ஆகிட்டா இந்தத் தெருவுல ஒருத்தனும் நிம்மதியா உக்கார முடியாது, ஊசியோட துரத்துவீங்க" என்றான். ஒதிலியா விழுந்து விழுந்து சிரித்தாள். என் புருஷன் சொல்லும் ஜோக்குக்கும் அவள்தான் சரியாகச் சிரிப்பாள்.

வியாழக்கிழமை முட்டை வாங்கி வந்திருந்தாள். பொரிக்கச் சின்ன வாணலி தேடி நேராக ஓவனுக்குப் போனாள். கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். நான் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றேன்.

"நீ உக்காரு. நான் எடுக்கறேன்."

"நான் என்ன விருந்தாளியாக்கா? எங்க எது இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"உக்காருடி. உள்ள கரப்பான் பூச்சி இருக்கு."

"கரப்பானுக்கா பயப்படப் போறேன்? அடுத்த வருஷம் ரத்தம் பாக்கப் போறவ நான்" என்றாள். பார்த்தீர்களா, கடிதம் வருமுன்பே ரத்தம் பார்க்கப் போகிறாளாம். எனக்கிருந்த கொஞ்ச இரக்கமும் அந்த முட்டையோடு சேர்ந்து கருகிப்போனது.

கடிதம் வரவில்லை என்று சித்திக்கு அதற்குள் கவலை பிடித்துவிட்டது. சித்தி ஹசிந்தா கவலைப்பட்டால், கைவிட்டுப்போன காரியத்துக்கென்றே வேண்டுகிற புனித யூதா ததேயுவுக்கும் தூக்கம் போய்விடும். புதன்கிழமையே மெஹிகாலி வீட்டில் கடிதத்துக்காக நவநாள் ஜெபம் தொடங்கிவிட்டாள். தினமும் மாலையில் ஏழெட்டுப் பெண்கள் கூடி ஜெபமாலை சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மறு வாரத்து வியாழக்கிழமை. அன்றைக்கு நானும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். போகாமல் இருந்தால் கேள்வி வரும். போனேன்.

புனிதர் சொரூபத்தின் காலடியில் ஒரு வெற்று உறை. அதன்மேல் என் வீட்டு முகவரி.

"இது எதுக்கு சித்தி?"

"புனிதருக்கு வழி தெரிய வேணாமா? கலெக்சிகோவுல ஒரே பேர்ல எத்தனை தெரு இருக்கு!" என்றாள் சித்தி. பக்கத்து வீட்டுக்காரி, "ஜிப் கோடு போட்டியா ஹசிந்தா?" என்று கேட்டாள். போட்டிருந்தாள்.

முட்டி போட்டேன். என் ஓவனில் இருக்கும் கடிதம் வந்து சேர வேண்டுமென்று பத்துப் பெண்களோடு சேர்ந்து சத்தமாக வேண்டினேன். சித்தி கடைசியில் தன் சொந்த மன்றாட்டாக, "என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் இடம் குடு. ஒருத்திக்குத்தான் குடுப்பேன்னா, மூத்தவளுக்குக் குடு, அவ ரொம்ப நாளா ஆசப்பட்டவ" என்றாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஓரக்கண்ணால் ஒதிலியாவைப் பார்த்தேன். கையில் ஜெபமாலை இருந்தது, உதடு அசையவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அகங்காரம், எனக்காக வேண்டினால் வாய் திறக்கமாட்டாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே படுத்துவிட்டு வெள்ளிக்கிழமை விடியுமுன் அவளோடு வரிசையில் நின்றேன். அன்றைக்குக் கார் ஃபௌஸ்தோவிடம் இருந்தது; நான் எப்போதும் காரில் போய்க் காரில் வருகிறவள், நடந்து கடக்கும் வரிசையில் நின்று பல வருடம் ஆகிறது. முன்னூறு பேர் இருப்பார்கள். வயலுக்குப் போகிறவர்கள், வீடு கூட்டப் போகிறவர்கள், முதுகில் பையோடு கல்லூரிப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஒதிலியாவைத் தெரிந்திருந்தது.

ரொட்டியில் சுருட்டித் தரும் புரித்தோ விற்கும் சென்ச்சோ தள்ளுவண்டியோடு வந்தான். "என்ன டாக்டரம்மா, லெட்டர் வந்துச்சா?"

"இன்னும் இல்ல சென்ச்சோ."

"என்ன தபாலோ! கழுத மேல வருதோ? சரி, இது என்ன எலும்பு சொல்லு" என்று தன் தோளைத் தட்டினான். அவள் சொன்னாள். அவன் திரும்பிப் பின்னால் நின்றவர்களுக்கு அந்தப் பெயரைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னான். அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு இந்த வரிசையில்தான் அவள் இருநூற்று ஆறு எலும்பையும் படித்தாளாம். அவளோடு சேர்ந்து இந்த வரிசையும் படித்திருக்கிறது.

"இவங்கதான் உன் அக்காவா? இவங்க பெட்டியா?" என்றான் என்னைக் காட்டி.

"ஆமா."

"அக்கா, பெட்டிய நல்லா பாருங்க. அடியில ஒட்டிட்டு இருக்கும். நாங்க நாப்பது பேர் தினமும் இவளக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு போச்சு."

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். கீரை வெட்டுகிற கை, நகமெல்லாம் பச்சை. "போன மாசம் நெஞ்சு வலின்னு அங்க ஆஸ்பத்திரிக்குப் போனேம்மா. எங்க வலிக்குதுன்னு அவங்க கேக்கறது எனக்குப் புரியல, நான் சொல்றது அவங்களுக்குப் புரியல. என் பேத்திதான் நடுவுல நின்னு சொன்னா. பத்து வயசுப் பொண்ணு, பயத்துல அழுதுட்டா. இந்தப் பொண்ணு அங்க போய் நிக்கட்டும், நாங்க தைரியமா நோயில விழுவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேத்தி என்ன சொன்னாளோ, எதைக் கட்டிவிட்டாளோ என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. எனக்காக இந்த உலகத்தில் நாற்பது பேர் எங்கே நின்றார்கள்? நான் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்தில் அவளை நிறுத்திப் பார்க்க இத்தனை பேர். ஆனாலும் ஒன்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு என் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒதிலியா மாதிரி ஒருத்தி நின்றிருந்தால் போதும், அவள் யாராக இருந்திருந்தாலும் நான் காலில் விழுந்திருப்பேன். அந்தக் கடிதத்தை வாணலிக்கு அடியில் வைத்திருப்பது நான்.

எல்லைக் கேட்டைத் தாண்டி வீடு வரைக்கும் அவளுக்கு முன்னாலேயே வேகமாக நடந்தேன். ஃபௌஸ்தோ வேலைக்குப் போயிருந்தான். அவள் ரொட்டிப் பையை மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்காவது லெட்டர் வந்துச்சான்னு பாரேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஓவனைத் திறந்தேன். வாணலியைத் தூக்கினேன். உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஆவி பட்டுச் சுருங்கிய ஓரம் நன்றாகத் தெரிந்தது.

"உனக்கு இடம் கிடைச்சிருக்கு. எனக்கு வெயிட்டிங் லிஸ்ட். போன வாரம் செவ்வாக்கிழமையே வந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு, இப்பவே போ. திட்டணும்னா வந்து திட்டு."

அவள் உறையைத் தொடவில்லை.

"நான் திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எல்லாருக்கும் லெட்டர் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலைன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன். அங்க இருக்கற பெல்த்ரான் அம்மா ஃபைலைப் பாத்துட்டு, ரெண்டு லெட்டரும் ஒரே நாள்தான் போச்சு, ஒரே அட்ரஸ்னு சொன்னாங்க. இன்னொரு அட்டை குடுத்தாங்க, அங்கேயே போட்டுட்டேன்."

"அப்போ ஏன்டி தினமும் வந்து கேட்ட?"

"நீ குடுப்பேன்னு."

நான் வாணலியைத் திரும்ப ஓவனுக்குள் வைத்தேன். அவள்தான் மறுபடி பேசினாள்.

"செவ்வாக்கிழமை குடுப்பேன்னு நெனச்சேன். புதன்கிழமை நெனச்சேன். நேத்து ஜெபத்துலயாவது நீ எழுந்து சொல்லிடுவேன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூட நான் சொல்லல. சொன்னா உன்ன உயிரோட விடமாட்டா."

"இப்போ குடுத்துட்டேன்ல?"

"குடுத்த. அந்த சென்ச்சோ கேட்டதுக்கப்புறம் குடுத்த."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் குனிந்து கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்தாள். குளியலறையிலிருந்து தன் பல் துலக்கும் பிரஷை எடுத்தாள். மேஜை டிராயரிலிருந்த சின்னக் கத்தியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தபால் பெட்டி முன்னால் நின்று, தன் பெயரின் ஓரத்தைக் கத்தியால் நெம்பிப் பொறுமையாக உரித்தாள். பாதி கிழியக்கூட இல்லை, முழுசாக வந்தது. கத்தியைத் திரும்பக் கொண்டுவந்து அதே டிராயரில் வைத்தாள். ரொட்டிப் பையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

நாலு நாள் தெரிந்தே பொறுமையாக வந்து உட்கார்ந்து எனக்கு ரொட்டி ஊட்டியிருக்கிறாள்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. படிப்பில்தான் ஜெயித்தாள் என்று பார்த்தால் மனசிலும் அவளே ஜெயித்துவிட்டாள். எனக்கென்று எதைத்தான் விட்டுவைத்தாள்?

ஜூலையில், இடம் கிடைத்த ஒருத்தி புருஷனோடு ஃப்ரெஸ்னோவுக்குக் குடிபோனாள். பட்டியலில் முதலில் இருந்த எனக்கு அந்த இடம் வந்தது. தடிமனான உறை. பெட்டியிலிருந்து எடுத்தபோது பக்கத்தில் நின்று கேட்க யாருமில்லை. ஃபௌஸ்தோ சாயங்காலம் வந்து கேக் வாங்கித் தந்தான், "ஊசியைக் காட்டாத" என்றான். அந்த ஜோக்குக்கு நான் சிரிப்பதற்குள் அவன் கை கழுவப் போய்விட்டான்.

இப்போது ஒதிலியாவும் நானும் ஒரே வகுப்பு. ரத்த அழுத்தம் பார்க்கப் பழகிய முதல் நாள், ஆசிரியை எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார். அவள் என் கையில் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், கவனமாகக் கேட்டாள். "கொஞ்சம் அதிகமா இருக்கு, நெரெய்தா" என்றாள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எலும்பு அட்டைகளைக்கூடப் படிக்கக் கொடுத்தாள். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. வகுப்பில் மற்ற இருபத்து இரண்டு பேரும் என்னை நெரெய்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீடு மரிசெலாவுடையது. ஒதிலியாவின் அப்பா வழிச் சொந்தம். அவள் வீட்டுப் பெட்டியில் இப்போது ஐந்து பெயர். கடைசிப் பெயர் அச்சடித்த மாதிரி கையெழுத்தில், மேலே டேப். மரிசெலா படிக்கவில்லை, எங்கும் விண்ணப்பிக்கவில்லை, ஒரு எலும்பின் பெயரும் அவளுக்குத் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு நான் காப்பியை வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன். பழைய செருப்போடு ஒதிலியா என் வீட்டைத் தாண்டிப் போவாள். கையில் காகிதப் பை, அடியில் எண்ணெய்க் கறை. மூன்றாவது வீட்டுக் கதவு திறக்கும். அந்த மரிசெலாவைப் பார்த்து எரிகிற மாதிரி நான் என் வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை.